கர்துங் லா ஏற ரோடு பைக் போதுமா? (லே – நுப்ரா, ஜூலை)

பெடல்வாசி

வணக்கம். ஊர் கோவை. ஞாயிற்றுக்கிழமையானால் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ஏறி இறங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். கொல்லிமலையின் 70 வளைவும் ஏறியிருக்கிறேன், வால்பாறையும் பழக்கம். ஜூலையில் லே போகிறேன். லடாக்கின் லேயிலிருந்து கர்துங் லா கணவாய் ஏறி, அந்தப் பக்கம் நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்கி, ஹுண்டர் மணல்மேடு வரை போய்த் திரும்ப வேண்டும் என்று ஆசை. எல்லாம் சொந்த ரோடு பைக்கில்.

வண்டி அலுமினியம், கியர் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல், டயர் 28 மி.மீ., டிஸ்க் பிரேக். தேடினால் வருவதெல்லாம் புல்லட் ஓட்டுகிறவர்களின் வீடியோ. இல்லாவிட்டால் கடைக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் இறக்கிவிட, வாடகை எம்.டி.பி.யில் (மலைச் சைக்கிளில்) உருண்டு வருகிறவர்களின் வீடியோ. கீழேயிருந்து மிதித்து ஏறியவர்கள் சொல்லுங்கள். கியர் போதுமா, டயர் தாங்குமா, விமானத்தில் இறங்கி எத்தனை நாள் கழித்து ஏறலாம்? லீவு மொத்தம் ஒரு வாரம்தான் தேறும், அதனால் மூன்றாம் நாள் காலையிலேயே ஏற ஆரம்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, அவ்வளவு உயரத்தில் டயருக்குள் காற்று விரிந்து வெடித்துவிடும், பாதிக் காற்றுதான் அடிக்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

சங்கிலிஎண்ணெய்

ப்ரோ, ஏற்றத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதை நீங்கள் ஞாயிறுதோறும் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், கோத்தகிரி 1,800-க்குப் பக்கம், நடுவில் 33 கி.மீ. சராசரி சாய்வு நாலரை சதவீதம். லே ஊர் 3,500 மீட்டர், கர்துங் லா 5,359, நடுவில் ஏறக்குறைய 40 கி.மீ. அங்கேயும் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில்தான். சுமை ஏற்றிய லாரி ஏற வேண்டும் என்று வெட்டிய பாதை அது, கொல்லிமலை மாதிரி வளைவு திரும்பியதும் நெஞ்சில் உதைக்கிற செங்குத்து எதுவும் கிடையாது.

வித்தியாசமெல்லாம் காற்றில்தான். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி சொச்சம். நன்றாகப் பழகிய உடம்பே சமவெளியில் தருகிற சக்தியில் 60, 65 சதவீதம் தந்தால் பெரிய விஷயம். கோத்தகிரியில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறுகிறவர் அங்கே கடைசிக் கட்டத்தில் 7-இல் போவார். இதைக் கியரில் போட்டுப் பாருங்கள்: முன்னால் 34, பின்னால் 28 பல்லில் மணிக்கு 7 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 45 சுற்று, ஒவ்வொரு மிதிக்கும் தொடை முட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 55 சுற்று வரும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் அங்கே ஒரு முறை மூச்சு முட்டிவிட்டால் மிதித்துக்கொண்டே அதை அடக்க முடியாது, காலை ஊன்றி நின்றால்தான் அடங்கும். நின்ற பிறகு ஷூவின் கிளிட்டைப் பெடலில் மாட்டி மறுபடி கிளம்ப எடுக்கிற அந்த நாலு மிதி இருக்கிறதே, அதற்கே திரும்பவும் இளைக்கும். அதனால் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, அதாவது கேசட்டை, 11-34 ஆகப் போடுங்கள். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துகிற டெரெய்லர் உங்களுடையது குட்டைக் கூண்டாக இருந்தால் 34-ஐ ஏற்காது, அதையும் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஊரிலேயே மாற்றி கோத்தகிரியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். லேயில் எம்.டி.பி. சாமான் கிடைக்கும், ரோடு பைக் சாமானை நம்ப முடியாது. டெரெய்லரைச் சட்டகத்தோடு பிடிக்கிற ஹேங்கர் ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் முதலில் வளைவது அதுதான்.

சாலை: லேயிலிருந்து சவுத் புல்லு செக்போஸ்ட் வரை 24 கி.மீ., நல்ல தார். அதற்கு மேல் எத்தனை முறை தார் போட்டாலும் ஒவ்வொரு குளிர்காலமும் பெயர்த்துப் போட்டுவிடும். ஜல்லி, சேறு, பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும் தண்ணீர் எல்லாம் உண்டு. 28 மி.மீ. டயர் தாங்கும். சட்டகத்தில் இடம் இருந்தால் 32 போடுங்கள், ஏறுவதற்காக இல்லை, இறங்கும்போது கை பிழைக்கும்.

டயர் வெடிக்கிற கதை வெறும் கதை. கடல்மட்டத்தில் அடித்த காற்றோடு நேராக உச்சிக்குப் போனால்கூட, வெளிக்காற்று குறைந்ததால் டயரில் கூடுவது 7 பி.எஸ்.ஐ. அளவுதான். லேயில் அடித்துக்கொண்டு ஏறினால் 2 கூடும், குளிரில் அதுவும் குறைந்துவிடும். பஞ்சரானால் சின்னக் கைப்பம்பில் அடிப்பதுதான் தண்டனை. காற்றே மெல்லிசு என்பதால் ஊரில் 100 முறை அடித்தால் ஏறுகிற காற்றுக்கு அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்க வேண்டும், அடிக்கிற ஆளுக்கும் அதே மெல்லிசுக் காற்றுதான்.

ஸ்டெத்தும் சைக்கிளும்

மருத்துவராகவும் சைக்கிள் ஓட்டுகிறவளாகவும் சொல்கிறேன், கேசட்டை விட முதலில் மாற்ற வேண்டியது அந்த மூன்றாம் நாள் கணக்கை. தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். லேயில் நீங்கள் படுக்கிற கட்டில் அதைவிட 850 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் காலையில் விமானம் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்குகிறீர்கள். நீலகிரியில் எவ்வளவு ஏறியிருந்தாலும் இதற்குக் கணக்கில் வராது. நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு மலைநோய் வராது என்பதும் தவறு. இன்னும் சொன்னால், தெம்பு இருக்கிறதே என்று முதல் நாளே வேகமாகத் திரிகிற இளவட்டங்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

முதல் 2 நாள் ஓய்வு. ஓய்வென்றால் சாந்தி ஸ்தூபி படிக்கட்டு ஏறுவது ஓய்வில்லை. மூன்றாம் நாள் சிந்து நதியோரமாக ஷே, திக்சே பக்கம் மெதுவாக ஓட்டுங்கள், திக்சே மடாலம் 19 கி.மீ. தூரம்தான், ரோடும் சமதளம் மாதிரி. அப்புறம் ஒரு நாள் சவுத் புல்லு வரை ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி லேயிலேயே தூங்குங்கள். உயரத்துக்குப் போய்ப் பழகி, தாழ்வில் வந்து உறங்குவதுதான் முறை. உச்சிக்கு அதற்குப் பிறகு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.

மலைநோய்த் தடுப்பு மாத்திரை டயாமாக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். தடுப்புக்கு வழக்கமாகத் தருவது 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி. விரல் நுனி மரத்த மாதிரி ஊறும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சகிக்காது, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது, ஆகவே உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான். முதல் சில நாட்களுக்கு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம் காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு மணிக்கொரு தரம் பார்த்துப் பயப்பட வேண்டாம். லேயில் 85, 90 காட்டுவது சாதாரணம், உச்சியில் 80-க்குக் கீழே போவதும் உண்டு. எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை, வாந்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், இருமல், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது – இவற்றில் கடைசி மூன்றில் ஒன்று வந்தாலே அந்த நிமிடமே இறங்க வேண்டும். சைக்கிளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், கண்ணில் படுகிற முதல் வண்டியில் ஏறுங்கள்.

பெடல்வாசி

டாக்டர், நன்றி. மூன்றாம் நாள் திட்டம் செத்தது, சரி. ஆனால் கூகுளில் பார்த்தால் ஒரு நாள் லேயில் இறங்கி மறுநாளே காரில் கர்துங் லா போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களெல்லாம் எப்படி? அப்புறம், ஏறுகிற நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? கோத்தகிரிக்கு நாங்கள் நாலரைக்கே லைட் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

பழைய பட்டாளத்தான்

தம்பி, சைக்கிளில் நான் ஏறியதில்லை, லாரியில் அந்த ரோட்டில் ரொம்ப காலம் ஓடியிருக்கிறேன், வேலூர்ப் பக்கத்து ஆள். காரில் போகிறவன் உச்சியில் 10 நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் லேக்கு வந்துவிடுகிறான், அதுவும் உட்கார்ந்தபடி. அவர்களிலும் எத்தனை பேர் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுக்கிறார்கள் என்பது வீடியோவில் வராது. பட்டாளத்தில் எங்களை எப்படிப் பழக்குவார்கள் தெரியுமா? 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அதில் முதல் 2 நாள் படுக்கையும் ஓய்வும்தான். அதற்கு மேலே 15,000 அடி வரை இன்னொரு 4 நாள், அதையும் தாண்டினால் மறுபடி 4 நாள். இருபது வயசுப் பையன்களுக்கே இந்தச் சட்டம். உன் உச்சி 17,500 அடிக்கு மேலே. டாக்டரம்மா சொல்வதே கொஞ்சம் தாராளம் என்பேன்.

கிளம்பும் நேரம். நாலரை வேண்டாம், இருட்டும் குளிரும் சேர்ந்து வெறும் தொல்லை. வெளிச்சம் வந்ததும் ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பு. டாக்சிக்காரர்கள் டூரிஸ்டுகளுக்குக் காலைச் சாப்பாடு முடித்துத்தான் எடுப்பார்கள், அவர்கள் பெரும் கூட்டமாக வருவதற்குள் நீ சவுத் புல்லு தாண்டியிருந்தால் டீசல் புகை அவ்வளவு தின்ன வேண்டாம். அந்த உயரத்தில் லாரி எஞ்சினும் உன்னை மாதிரியே மூச்சு முட்டித்தான் ஏறும், கரியைக் கக்கிக்கொண்டு போகும். கான்வாய் வந்தால் பந்தயம் வேண்டாம், இறங்கி மலைப்பக்கம் ஒதுங்கி நில். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதே, ஓரம் மண், மேலே தார் இருக்கிற மாதிரி இருக்கும், கீழே அரித்திருக்கும். கல் உருளும் என்று போர்டு வைத்த இடத்தில் நின்று தண்ணீர் குடிக்காதே.

அப்புறம் அந்தக் குறுக்கே ஓடுகிற தண்ணீர். காலையில் அது ஓடாது, ராத்திரிக் குளிரில் ரோட்டோடு ஒட்டிக் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், ஈரம் என்று நினைத்து வளைத்தால் போச்சு, நேராகப் பிடி, பிரேக் தொடாதே. மத்தியானத்தில் அதே இடத்தில் கணுக்கால் அளவு ஓடும், அடியில் உருண்டைக் கல். மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள். மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் சேரும், ஜூலையிலும் பனி கொட்டும். எல்லை ரோடு நிறுவனம் பாறை வெடி வைக்கவோ மண் அள்ளவோ ரோட்டை மூடினால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்பார்கள், முந்தைய நாள் லேயில் விசாரித்துக்கொள்.

மணல்மேடு

துபாயிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஏறுவது ஜெபல் ஜெய்ஸ், யு.ஏ.இ. டூர் பந்தயமும் அங்கே முடிந்திருக்கிறது, சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாத பழுப்பு மலை, வழவழவென்று தார். அதை ஏறிப் பழகியவனுக்கு லடாக் பார்க்க அதே மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து. இங்கே உடம்பு வேர்ப்பது கண்ணுக்குத் தெரியும், ஜெர்சியில் உப்புக் கோடு போடும், தாகம் எடுக்கும், தன்னால் குடிப்போம். அங்கே வருஷம் முழுக்கவே 100 மி.மீ. அளவு மழைதான், அதுவும் பாலைவனம்தான், ஆனால் குளிர்ப் பாலைவனம். வேர்த்தது அடுத்த நொடி காய்ந்துவிடும், குளிரில் தாகமும் எடுக்காது, மூச்சு வழியாகவே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துக் குடியுங்கள். வாய்க்கு மெல்லிய துணி கட்டிக்கொண்டால் தொண்டை வறட்டு இருமல் குறையும். பசியும் செத்துவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டு போவதானால் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், பின் பையில் கிடந்தால் குளிரில் பல்லை உடைக்கிற அளவுக்கு இறுகிவிடும்.

என்னைக் கேட்டால் லே பக்கம் ஏறுவது பாதிக் கதைதான். நிஜமான பாலைவனம் வடக்குப் பக்கம். உச்சியிலிருந்து நார்த் புல்லு வழியாக இறங்கினால் 30 கி.மீ. சொச்சத்தில் கர்துங் கிராமம், 3,975 மீட்டர். அங்கிருந்து கல்சார் வந்து ஷியோக் ஆற்றைப் பிடித்தால் இரண்டு பக்கமும் சாம்பல் மலை, நடுவில் ஆறு, டிஸ்கிட் தாண்டினால் ஹுண்டரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும். யார்கண்டிலிருந்து லேக்குச் சரக்கு வந்த காலத்து ஒட்டகங்களின் வாரிசுகள் அவை, அந்தச் சரக்குக் கூட்டங்களும் இதே கணவாயைத்தான் தாண்டின. ஒரு வாரத்தில் போய்வருகிறவர்களுக்கு என் யோசனை: லேயில் பழகியபின் ஜீப்பில் சைக்கிளைப் போட்டு நுப்ரா போய்விடுங்கள். டிஸ்கிட் 3,140 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு, நன்றாகத் தூக்கம் வரும். திரும்பும்போது முதல் நாள் கர்துங் கிராமம் வரை ஏறித் தங்கி, மறுநாள் காலை உச்சியைக் கடந்து லே. லடாக் மாரத்தானோடு நடக்கும் 72 கி.மீ. ஓட்டம் அந்தக் கிராமத்திலிருந்து லே வரைதான், ஜனங்கள் ஓடியே கடக்கிறார்கள்.

சங்கிலிஎண்ணெய்

மணல்மேடு சொல்கிற வழி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தனியாகப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். டிஸ்கிட்டிலிருந்து ஒரே நாளில் கர்துங் கிராமம் என்றால் படுக்கும் உயரம் 800 மீட்டருக்கு மேல் கூடுகிறது, டாக்டர் சொன்ன 500 கணக்கு அங்கேயே அடிபடுகிறது. லேயில் நாள் கணக்கில் இருந்துவிட்டுப் போனவருக்குப் பரவாயில்லை என்று வாதாடலாம், சரி. ஆனால் வடக்குப் பக்கத்தில் உடம்பு படுத்தினால், பெரிய ஆஸ்பத்திரி லேயில்தான், அதற்கு அந்த உச்சியையே தாண்டிப் போக வேண்டும். இறங்க வேண்டிய ஆளை ஏற்றிக்கொண்டு போகிற நிலைமை. லேயிலிருந்து ஏறி லேக்கே திரும்பினால், எந்த இடத்தில் முடியவில்லையோ அங்கேயே ஹேண்டில்பாரைத் திருப்பினால் போதும், மிதிக்கவே வேண்டாம், வீடு வந்துவிடும்.

இறங்குவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஏறும்போது வேர்த்த உள்சட்டையோடு மணிக்கு 40-இல் இறங்கினால் முதல் 5 கி.மீ.யிலேயே விரல் செத்துவிடும், பிரேக் லீவரில் விரல் இருக்கிறதா, எவ்வளவு அமுக்குகிறோம் என்பதே தெரியாது. நான் அங்கே நிறுத்தி நிறுத்திக் கையை அக்குளுக்குள் திணித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், உணர்ச்சி திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். சைக்கிள் கையுறை உதவாது. லேயிலேயே கம்பளியும் காற்றுத் தடுப்பும் சேர்ந்த முழுக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு உலர்ந்த உள்சட்டை, ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட், காதை மூடுகிற தொப்பி. உச்சியில் டீக்கடைக்குள் போய் முதலில் சட்டையை மாற்றிவிட்டு அப்புறம் டீ, மேகி எல்லாம். அங்கே தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகள் ஊதி வெடிக்கிற மாதிரி இருக்கும், உங்கள் பையில் இருப்பதும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

உச்சியில் உயரம் எழுதிய போர்டைப் பற்றி ஒரு சண்டை வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 18,380 அடி, உலகத்திலேயே உயரமான மோட்டார் சாலை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஜி.பி.எஸ். காட்டுவது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. லடாக்கிலேயே உம்லிங் லா 19,024 அடி. சைக்கிளில் மாட்டிய கார்மின் ஜி.பி.எஸ். மீட்டரைப் போர்டோடு ஒப்பிட்டு மீட்டர் பழுதென்று நினைத்துவிடாதீர்கள்.

பெடல்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஆபீசில் பேசி லீவை 10 நாளாக நீட்டிவிட்டேன், மேனேஜர் முகம் கொஞ்சம் கோணிப்போனது, பரவாயில்லை. முடிவு இதுதான்: முதல் 2 நாள் படுக்கை, அப்புறம் திக்சே, ஒரு நாள் இடைவெளி, சவுத் புல்லு, மறுபடி ஓய்வு, அதற்குப் பிறகு உச்சிக்குப் போய் லேக்கே திரும்புவது. நாள் மிஞ்சினால் நுப்ராவுக்குக் காரில் போய் ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 11-34 ஆர்டர் போட்டாயிற்று, டெரெய்லர் ஏற்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். பட்டாளத்து அண்ணா, ஒரு சந்தேகம்: மேலே போன் எடுக்குமா? வீட்டில் அம்மா மணிக்கொரு தரம் கூப்பிடுகிற ரகம்.

பழைய பட்டாளத்தான்

வெளியூர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது தம்பி, போஸ்ட்பெய்ட் வேண்டும். ஊரிலேயே மாற்றிக்கொண்டு கிளம்பு. போஸ்ட்பெய்ட் இருந்தாலும் லே தாண்டி ஏற ஏற விட்டு விட்டுத்தான் வரும், அதனால் அம்மாவிடம் சாயங்காலம் நீயே கூப்பிடுவதாகச் சொல்லி வை. தங்குகிற இடத்துக்காரரிடம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எழுதிக் கொடு. நீ வரவில்லையென்றால் அங்கே முதலில் தேடிக் கிளம்புகிற ஆள் அவர்தான்.

ஸ்டெத்தும் சைக்கிளும்

10 நாள் என்றால் நிம்மதி. ஒரே ஒரு சேர்க்கை: கிளம்புகிற வாரத்தில் சளி, காய்ச்சல் வந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள், நெஞ்சுச் சளியோடு அந்த உயரத்துக்குப் போகக் கூடாது. உதட்டுக்கும் மூக்கு நுனிக்கும் சன்ஸ்கிரீன் கண்டிப்பாக.

மணல்மேடு

சரி, ஒட்டகத்தைக் காரில் போய்ப் பாருங்கள். ஆனால் காரில் வடக்குப் பக்கம் இறங்கும்போது நார்த் புல்லுவுக்கும் கர்துங் கிராமத்துக்கும் நடுவிலுள்ள ரோட்டைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே போங்கள், அடுத்த வருஷ லீவுக்கு இப்போதே மனு போட்டுவிடுவீர்கள். நான் செப்டம்பரில் போகிறேன், 32 மி.மீ. டயரோடு. கூட வருகிறவர்கள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.